பொறுப்புத் தாய்

ஜெர்மனியில், எசன் நகரின் வடபகுதியில் வெண்தாமரை இல்லம் என்று ஒரு நான்கு மாடிச் செங்கல் கட்டடம் இருக்கிறது. வாசலில் பதித்திருக்கும் பித்தளைத் தகட்டில் 'யாரென்று கேளாமல் கதவு திறப்போம்' என்று தமிழிலும் ஜெர்மனிலும் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு அழைப்புமணியை அழுத்தினால், சுவரிலிருக்கும் சின்ன ஒலிபெருக்கி "ஆர்?" என்று கேட்கும்.

யாமினி தன் பெயரைச் சொன்னாள். ஒலிபெருக்கி சற்று யோசித்தது.

"ஆற்றை பிள்ளை?"

யாழ்ப்பாணத்தாரின் அந்தக் கேள்விக்கு 'யாருடைய பிள்ளை' என்று பொருள் என்பது மதுரைக்காரிக்குப் புரிவதற்குள், பின்னால் வந்த யாருக்காகவோ கதவு திறந்தது. அவளும் கூடவே நுழைந்துவிட்டாள்.

இல்லத்துக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. தொண்ணூறுகளில், அகதிகளாக வந்த குடும்பங்களின் பெண்கள் சிலர் படிப்புக்காக இங்கே அறை தேடியபோது, அவர்களுடைய நீண்ட பெயர்களைக் கேட்டதுமே வீட்டுக்காரர்கள் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் சீட்டுப் பிடித்து இந்தக் கட்டடத்தை வாங்கி, வெண்தாமரைச் சகோதரிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இனி எந்தத் தமிழ்ப் பெண்ணும் ஒரு வாசலில் நின்று தான் இன்னார் என்று விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் தீர்மானம். அதை நடைமுறைப்படுத்துவதற்காக ஆண்டுதோறும் செப்டம்பரில் மூன்று சுற்றுத் தெரிவு நடத்துகிறார்கள்.

யாமினிக்கு வேண்டியிருந்தது ஓர் அறை. நீர்ப் பொறியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கியிருந்தது விடுமுறைக்கு ஊருக்குப் போன ஒரு பிரேசில் மாணவனின் அறையில். அவன் மாதக் கடைசியில் திரும்பி வருகிறான். முகவரி இல்லாவிட்டால் நகர அலுவலகத்தில் பதிய முடியாது. பதியாவிட்டால் விசாவை நீட்டிக்க முடியாது. கடைசியாகப் பார்க்கப் போன வீட்டில் வரிசை படிக்கட்டில் தொடங்கி ரொட்டிக்கடை வரை நின்றது. அங்கே முன்னால் நின்ற ஒருத்திதான், தமிழ்ப் பெண்களுக்கென்றே ஒரு வீடு இருக்கிறது, அங்கே சில அறைகள் காலியாம் என்று சொன்னாள். பித்தளைத் தகட்டை முதன்முதலில் படித்தபோது, யாரோ தன்னை முன்கூட்டியே யோசித்து எழுதிவைத்த வாக்கியம் என்று யாமினிக்குத் தோன்றியது.

முதல் சுற்று, தேநீர். தலைவி இராஜேஸ்வரி கூறைச்சேலை கட்டி, நெஞ்சில் வெள்ளித் தாமரை குத்தி, கூடத்தின் நடுவில் எழுந்து நின்றார்.

"பிள்ளையள், ஒரு காலத்தில எங்கட சங்கத்தில வழிப்பிள்ளை எண்டொரு முறை இருந்தது. தாயோ மூத்த சகோதரியோ எங்கட அங்கத்தவர் எண்டால் அந்தப் பிள்ளைக்கு முன்னுரிமை. அது பெரிய அநீதி எண்டு போன வருசம் ஏகமனதா ஒழிச்சுப்போட்டம். இண்டைக்கு எல்லாரும் சமம். வழிப்பிள்ளையளுக்கு ஏதும் சலுகை தவறிப்போய்க் கிடைச்சிடக் கூடாது எண்டதுக்காக, ஆர் ஆர் வழிப்பிள்ளை எண்டு முதலே கவனமாப் பிரிச்சு வைக்கிறம். வழிப்பிள்ளையள் தயவுசெய்து மேல்மாடிக்குப் போங்கோ. அங்க சாப்பிட ரோல்ஸ் இருக்கு."

கூடம் எழுந்து மேலே போனது. கீழே யாமினியும் ஒரு பிஸ்கட் தட்டும் மிஞ்சினார்கள்.

மேலே என்ன நடந்தது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிவுக் குழுவில் இருப்பவர்கள் பாரபட்சம் காட்டக் கூடாது என்பதற்காகச் சங்கத்தில் 'அறியாமை விதி' என்று ஒன்று உண்டு. குழு நாற்காலியில் அமர்ந்துவிட்டால், எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் அவரை முன்பின் தெரியாதது போல நடக்க வேண்டும். அன்று குழுவில் இருந்த நேசமலர் என்ற மூத்த அங்கத்தவர், எதிரே வந்து நின்ற பெண்ணிடம் விதிப்படி "ஆற்றை பிள்ளை நீர்?" என்று கேட்டார். அந்தப் பெண் சுஜானி, "உங்கடதான், அம்மா" என்றாள். பதில் சரியாக இருந்ததால் அவளுக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

பிறகு குழு கீழே இறங்கி யாமினியிடம் வந்தது. இராஜேஸ்வரி, நேசமலர், மடிக்கணினியோடு செயலாளர் தர்மிகா. தர்மிகா எசனிலேயே பிறந்து வளர்ந்த மருத்துவ மாணவி.

"ஆற்றை பிள்ளை நீர்?"

"சேதுராமன் பொண்ணுங்க. அம்மா பேரு வத்சலா. மதுரைல இருக்காங்க."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தர்மிகா மடிக்கணினியில் வத்சலாவைத் தேடினாள். அதில் வத்சலா இல்லை. ஒருவேளை திருமணத்துக்கு முன்னால் வேறு பெயரா என்று நேசமலர் கனிவோடு கேட்டார். அப்போதும் வத்சலாதான் என்று யாமினி சொன்னாள். சரி, எதற்காகச் சங்கத்தில் சேர விரும்புகிறீர் என்று இராஜேஸ்வரி கேட்டார்.

"இருக்க இடம் இல்லைங்க."

தர்மிகாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. காரணம் என்ற இடத்தில் கணினி காட்டியவை மூன்று: மரபு, சகோதரித்துவம், தாயின் விருப்பம். இருக்க இடம் இல்லை என்று இத்தனை வருடங்களில் யாரும் சொன்னதில்லை.

இராஜேஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அறை இல்லாத பிள்ளையள் வரக் கூடாது எண்டு நாங்கள் சொல்லேல்லை. ஆனா பிள்ளை, அறைக்காக இஞ்ச வாறது, கோயிலுக்குச் சோத்துக்குப் போற மாதிரி எல்லோ?"

மதுரையில் அப்படித்தான் பலர் போகிறார்கள், சாமியும் ஒன்றும் சொல்வதில்லை என்று யாமினி நினைத்தாள்.

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. நூறு மதிப்பெண்ணில் நாற்பது தாய்க்கு உரியது. சமத்துவம் வந்த பிறகு அதன் பெயரைப் 'பின்னணி ஈடுபாடு' என்று மாற்றியிருந்தார்கள். ஆனாலும் அது தாயிடம்தான் இருந்தது. தாயில்லாத பிள்ளை அறுபதுக்குத்தான் போட்டியிட முடியும். அது சமத்துவம் ஆகாது. எனவே சங்கம் அவளுக்கு ஒரு தாயை நியமிக்க முடிவுசெய்தது. அதற்குப் 'பொறுப்புத் தாய்' என்று பெயர்.

மூத்த அங்கத்தவர்களின் பெயர்களைச் சுருட்டிப் போட்டு ஒரு செம்பைக் கொண்டுவந்தார்கள். முதல் சீட்டில் வந்தவர் டொரோண்டோவுக்குக் குடிபோய்விட்டிருந்தார். இரண்டாவது சீட்டில் வந்தவர், ஆண்டுவிழா நன்றியுரையில் தன் பெயர் விடுபட்ட நாளிலிருந்து தலைவியோடு பேசுவதில்லை. மூன்றாவது சீட்டைப் பிரித்த தர்மிகா, பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானோ?" என்றார் நேசமலர். "என்ர சுஜானியும் இந்த முறை நிக்கிறாளெல்லோ."

"உருத்திரமூர்த்தி அண்ணை" என்று இராஜேஸ்வரி கதவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

உருத்திரமூர்த்தி சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் சட்டவிதிகளை, எழுதியவர். கூட்ட அறைக்குள் ஆண்கள் வரக் கூடாது என்று அந்த யாப்பிலேயே எழுதிவிட்டதால், பல வருடங்களாக வெளி நடையில் ஒரு நாற்காலி போட்டு, குளிர்கோட்டோடு அமர்ந்து தீர்ப்புச் சொல்லிவருகிறார்.

"ஒரு தாய்க்கு எத்தினை பிள்ளையளும் நிக்கலாம்" என்றது கதவு. "ஆனா அறை, ஒரு தாய்க்கு ஒருக்காத்தான். ஒரு பிள்ளை எடுபட்டால் அந்தத் தாயின்ர பேரில பிறகு ஒருத்தரும் வர ஏலாது."

இந்த விதி, நான்கு மகள்கள் பெற்ற ஓர் அங்கத்தவர் மூன்றாம் மாடியை முழுதாக நிரப்பிய பிறகு வந்தது.

நேசமலர் பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்பவர். எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவர். மறுநாள் காலையிலேயே யாமினியின் கைபேசி ஒலித்தது. சாப்பிட்டாளா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாளா, அந்தப் பிரேசில் பெடியன் எப்படிப்பட்டவன் என்று வரிசையாகக் கேள்விகள். அன்று மாலை மதுரையிலிருந்து பேசிய வத்சலாவிடம் யாமினி நடந்ததைச் சொன்னாள். தன்னைப் பதவிநீக்கம் செய்தது எந்த அலுவலகம், மேல்முறையீடு உண்டா என்று வத்சலா விசாரித்தார்.

இரண்டாம் சுற்று, சங்கப் பாடல். அந்தப் பாடல் இரகசியமானது. அங்கத்தவர் அல்லாதவருக்கு அதைச் சொல்லித்தரக் கூடாது. தெரிவுக்கு நிற்பவர்கள் அதைப் பிழையில்லாமல் பாட வேண்டும். வழிப்பிள்ளைகள் அதைத் தொட்டிலிலேயே கேட்டவர்கள். யாமினி விஷயத்தில், சொற்கள்தான் இரகசியம், மெட்டு அல்ல என்று நடையிலிருந்து தீர்ப்பு வந்தது. அதனால் நேசமலர் தொலைபேசியில் முனகிக் காட்டினார். யாமினி குழுவின் முன் நின்று, நெஞ்சில் கைவைத்து, ஐந்து சரணங்களையும் வாய் திறக்காமல் பாடி முடித்தாள். பாதி மதிப்பெண் கிடைத்தது. உருக்கம் போதாது என்று இராஜேஸ்வரி குறைபட்டுக்கொண்டார்.

அதன்பின் தர்மிகா அவளுக்கு இல்லத்தைச் சுற்றிக் காட்டினாள். மாடிகளில் ஒரு சத்தமும் இல்லை. சமையலறை அடுப்பில் அதை விற்ற கடையின் ஒட்டுத்தாள் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. ஒரு கதவைத் திறந்தால் உள்ளே கட்டிலின் மேல் பரதநாட்டிய உடுப்பு ஒன்று கண்ணாடித்தாளுக்குள் படுத்திருந்தது. அடுத்த அறையில் இரண்டு பெட்டிகளும் ஒரு வீணையும் இருந்தன.

"இங்க யாரு தங்கியிருக்காங்க?" என்று யாமினி கேட்டாள்.

"எல்லாரும்தான்" என்றாள் தர்மிகா. "இப்ப ஒருத்தரும் இல்லை. எல்லாருக்கும் வீடு கிட்டத்தானே. நானும் அம்மாவோடதான் இருக்கிறன்."

"அப்புறம் எதுக்கு ரூம்?"

தர்மிகா இதற்கு முன் அதை யோசித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "கிடைச்சது" என்றாள்.

மூன்றாம் சுற்றுதான் முடிவானது. அதன் பெயர் தாய்க்கறி. யாழ்ப்பாணத்தார் ஒவ்வொரு வீட்டிலும் மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூள் இடிப்பார்கள். ஒரு வீட்டுத் தூள் போல இன்னொரு வீட்டுத் தூள் இருக்காது. தெரிவுக்கு நிற்கும் பெண் தாயின் தூளில் கத்தரிக்காய்க் கறி சமைக்க வேண்டும். குழு கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைத்து, அது எந்த வீடு என்று கண்டுபிடிக்கும். கண்டுபிடித்துவிட்டால் பெண் தேறியவள். யாருடைய கறி என்று தெரியாமல் சுவைப்பதால் இதில் பாரபட்சத்துக்கே இடமில்லை.

அதற்கு முந்திய நாள் பொறுப்புத் தாயின் வீட்டில் யாமினிக்குப் பயிற்சி. நேசமலர் வேலையிலிருந்து வரத் தாமதமாகும் என்பதால் சுஜானிதான் கதவைத் திறந்தாள். இருவரும் சமையலறையில், ஒரே தாயின் இரண்டு போட்டியாளர்களாக, கத்தரிக்காய் நறுக்கினார்கள்.

"அக்கா, உங்களுக்கு அந்த அறை உண்மையா வேணுமோ?" என்று சுஜானி கேட்டாள்.

"வேணும். முப்பதாம் தேதிக்கு மேல எனக்கு ஒரு பார்க் பெஞ்சுதான்."

"எனக்கு வேண்டாம். கேட்டால் நம்ப மாட்டீங்கள். இஞ்ச பாருங்கோ."

அவளுடைய கைபேசியில் ஒரு கப்பல் இருந்தது. ஹம்பேர்க் துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கும் பழைய சரக்குக் கப்பல். இப்போது அது ஓர் அருங்காட்சியகம். பள்ளி முடித்தவர்கள் ஒரு வருடம் தொண்டு வேலை செய்யும் திட்டத்தில், பார்க்க வருபவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டும் வேலை சுஜானிக்குக் கிடைத்திருந்தது. கப்பல் எங்கும் போகாது. ஆனாலும் அதன் மேல்தளத்தில் நின்றால் போவது போல இருக்கும் என்றாள். அம்மா விடவில்லை. வழிப்பிள்ளை விலகுவது தாய்க்கு இழுக்கு. சங்கத்தில் அப்படி யாரும் விலகியதில்லை.

"தோத்தால் விடுவாங்களா?"

"எத்தினை வழிப்பிள்ளையோ அத்தினை அறை, தோத்தது இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை அக்கா. ஆனா தோத்துப்போனால், அம்மா பிறகு என்னத்தைச் சொல்லி மறிக்கிறது?"

பிறகு சுஜானி அலமாரியிலிருந்து அம்மாவின் தூள் போத்தலை முழுவதுமாக எடுத்து யாமினியின் பைக்குள் வைத்தாள். அவள் தனக்கென்று சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு மஞ்சள் டப்பா வாங்கிவைத்திருந்தாள். அதன் மேல் யானைப் படம் போட்டு, ஜெர்மன் மொழியில் 'கறி, மிதமானது' என்று எழுதியிருந்தது.

மறுநாள் குழு வெண்பட்டுத் துணிகளால் கண்ணைக் கட்டிக்கொண்டது. வழிப்பிள்ளைகளின் கறிகளை எல்லாம் இராஜேஸ்வரி பெயர் சொல்லி வாழ்த்திக்கொண்டே வந்தார். சுஜானியின் தட்டு வந்ததும் கரண்டியை வாயிலிருந்து எடுக்காமல் கொஞ்சம் நின்றார்.

"இது... ஸ்டேசன் கடையில சொசேஜுக்கு மேல தூவுறதெல்லோ?"

அடுத்தது யாமினியின் தட்டு. ஒரு வாய்தான். "நேசமலர்" என்றார். இன்னொரு வாய். "நேசமலரேதான். நேசமலரின்ர தாய் கூடத் தெரியிறா."

நேசமலர் இரண்டு தட்டிலும் ஒவ்வொரு வாய் எடுத்தார். மற்றவர்கள் கட்டை அவிழ்த்த பிறகும் அவர் அவிழ்க்கவில்லை. கண் கட்டியபடியே, மகள் நிற்கும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். அறியாமை விதி நடப்பில் இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

தாயின் நாற்பதும் முழுதாகக் கிடைத்து, யாமினி சுஜானியைத் தாண்டிக் கடைசி அறையைப் பிடித்துவிட்டாள். தீர்ப்பை அறிவிக்க எழுந்த இராஜேஸ்வரி வெள்ளித் தாமரையை நேராக்கிக்கொண்டார். "எங்களைப் பற்றி வெளியில ஏதேதோ கதைக்கினம். இண்டைக்கு எல்லாரும் பாருங்கோ. இந்தப் பிள்ளை மதுரை. நாங்கள் ஊர் பாத்தமோ? ஆற்றை பிள்ளை எண்டு பாத்தமோ? இல்லை. ஆற்றை தூள் எண்டு மட்டும்தான் பாத்தம்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒரு வழிப்பிள்ளையை நிராகரித்தால் சங்கம் தாயின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போக வேண்டும். பொறுப்புப் பிள்ளை தேறினால் தாயை வாழ்த்தப் போக வேண்டும். இரண்டும் ஒரே வீடாக இருந்ததால், குழு ஒரே நாளில் பழக்கூடையும் பலகாரத் தட்டுமாகப் போனது. முதல் அரை மணி நேரம் தலைகுனிந்து இருந்துவிட்டு, பழக்கூடையைக் கொடுத்து, பிறகு நிமிர்ந்து சிரித்துப் பலகாரத்தைக் கொடுத்தார்கள். சுஜானி எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். அடுத்த வாரம் ஹம்பேர்க் போனாள்.

யாமினி வெண்தாமரை இல்லத்தில் குடியேறினாள். நகர அலுவலகத்தில் பதிந்தாள், விசாவும் நீண்டது. நான்கு மாடிகளிலும் உண்மையில் தூங்கி எழுந்த ஒரே ஆள் அவள்தான். பரதநாட்டிய உடுப்புகளுக்கு வந்த பார்சல்களைக் கையெழுத்திட்டு வாங்கினாள். குழாய் கசிந்தால் ஆளைக் கூப்பிட்டாள். ஞாயிறுதோறும் நேசமலர் புட்டு அவித்துக்கொண்டு வந்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே அமர்ந்து சுஜானியைப் பற்றியே பேசினார். கப்பலில் குளிராம், கையுறை போடுகிறாளோ தெரியாது, கேட்டால் பதில் இல்லை. மின்சார உருகி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே அங்கத்தவர் என்ற தகுதியில் வருட இறுதியில் யாமினியைத் தெரிவுக் குழுவுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த செப்டம்பர் வந்தது. மறுபடி சில அறைகள் காலி. இராஜேஸ்வரி அதே பேச்சை இன்னும் உணர்ச்சியோடு பேசினார். கூடம் எழுந்து மேலே போனது. கீழே பிஸ்கட் தட்டின் பக்கத்தில், கப்பற்காரர்கள் போடும் கருநீலக் கம்பளிச் சட்டையோடு சுஜானி நின்றாள்.

தொண்டு வருடம் முடிந்துவிட்டது. எசனில் பல்கலைக்கழக இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் அண்ணன் நிசாந் கல்யாணம் முடித்து, அவளுடைய அறையில் மனைவியோடு இருக்கிறான். அவள் ஒரு வாரமாக வரவேற்பறைச் சோபாவில் படுக்கிறாள். முதல்தடவையாக அவளுக்கு அறை உண்மையாகவே வேண்டியிருந்தது. முதல்தடவையாக அவளுக்குத் தாயும் இல்லை. நேசமலரின் பெயரில் அறை ஏற்கனவே போய்விட்டது. இனி அந்தப் பெயரைச் சொன்னால் விண்ணப்பமே தள்ளுபடி.

குழு வரிசையாக அமர்ந்தது. கேள்வி கேட்கும் முறை இந்த வருடமும் நேசமலருடையது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மகளின் கையைப் பார்த்தார். கையுறை போடாத கை வெடித்திருந்தது.

"ஆற்றை பிள்ளை நீர்?" என்று கேட்டார்.

சுஜானி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தர்மிகா மடிக்கணினியைப் பார்த்தாள்.

"ஆற்றையும் இல்லை" என்றாள் சுஜானி.

இராஜேஸ்வரி பெருமூச்சு விட்டு, செம்பைக் கொண்டுவரச் சொல்லிக் கையை உயர்த்தினார். டொரோண்டோவுக்குப் போனவரின் சீட்டும், தலைவியோடு பேசாதவரின் சீட்டும் அதற்குள் இன்னும் கிடந்தன.

"என் தங்கச்சி" என்றாள் யாமினி.

உயர்த்திய கை அந்தரத்தில் நின்றது. "உமக்குத் தங்கச்சி இருக்கோ?"

"ஓம்" என்றாள் மதுரைக்காரி.

எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். நடையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"தாய் முடிஞ்சாலும் சகோதரி முடியேல்லை" என்றது உருத்திரமூர்த்தியின் குரல். "மூத்தவ அங்கத்தவர் எண்டால் இளையவ வழிப்பிள்ளைதான். யாப்பில இருக்கு."

இராஜேஸ்வரியின் முகம் மலர்ந்தது. "அதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை. இவ்வளவு நேரமும் கீழ நிக்க வைச்சிட்டம். மேல போங்கோ. ரோல்ஸ் ஆறப்போகுது."

சுஜானி படியேறினாள். அவளுடைய காலடிச் சத்தம் மேலே போய் முடியும்வரை நேசமலர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இராஜேஸ்வரி அவர் பக்கம் சாய்ந்து, விதிக்கு உட்பட்ட குரலில், நல்ல குடும்பத்துப் பிள்ளை போலத் தெரிகிறாள், உங்களுக்குத் தெரிந்தவர்களா என்று கேட்டார்.

"மூத்தவவைத் தெரியும்" என்றார் நேசமலர். "ஞாயிற்றுக்கிழமைகளில போய்ப் பாக்கிறனான். இனி இளையவவுக்கும் சேத்து அவிக்கவேணும்."